கொல்லை முருங்கையில் கம்பளிப்பூச்சி: அடிமரத்தில் முடிகிற வேலைக்கு விஷ மருந்து எதற்கு?

மழை விட்டுச் சில வாரம் ஆனதும் தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் வீட்டுக்கு வீடு ஒரே புகார்தான்: "முருங்கையில புழு வந்துடுச்சு." முதலில் இலையில் அங்கங்கே ஓட்டை. கவனிக்காமல் விட்டால் கொஞ்ச நாளில் காம்பு மட்டும்தான் மிஞ்சும். அடிமரம் முழுக்கப் பழுப்பு மயிர் அப்பிக்கிடக்கும். கொடியில் காய்ந்த சட்டையை எடுத்துப் போட்ட பிள்ளைக்குக் கழுத்தெல்லாம் தடித்துவிடும். அதற்குள் ஆளாளுக்கு யோசனை சொல்லத் தொடங்கிவிடுவார்கள். மாந்தோப்புக்கு மருந்தடிக்கிற ஆளைக் கூப்பிடச் சொல்வார் ஒருவர். மரத்தையே வெட்டிப் போடச் சொல்வார் இன்னொருவர்.

இரண்டும் வேண்டாம் என்பதுதான் என் கருத்து. வளர்ந்த முருங்கைக்கு இந்தப் புழுவால் உயிர்ச்சேதம் வருவது அரிது. ஆபத்து மரத்தடியில் புழங்குகிற மனிதர்களுக்குத்தான். அந்த ஆபத்தை நீக்க மரம் முழுக்க நஞ்சு தெளிக்கத் தேவையில்லை, ஏனென்றால் இந்தப் புழு தானாகவே நம் கைக்கு எட்டும் உயரத்துக்கு இறங்கி வருகிறது. இதைப் புரிந்துகொள்ளப் புழுவின் நடமாட்டத்தைக் கொஞ்சம் கவனித்தால் போதும்.

முருங்கையை மொட்டையாக்கும் இந்தக் கம்பளிப்புழுவின் அறிவியல் பெயர் யூப்டெரோட்டி மொல்லிஃபெரா. இதன் தாய் வெளிர் மஞ்சளும் பழுப்பும் கலந்த பெரிய அந்துப்பூச்சி. மழை பெய்து மண் நனைந்ததும் மண்ணுக்குள் கூட்டுப்புழுவாகக் கிடந்தவை அந்துப்பூச்சிகளாக வெளியே வருகின்றன. பெண் பூச்சி இலையிலும் இளந்தண்டிலும் கொத்துக் கொத்தாக முட்டையிடுகிறது. பொரிந்த புழுக்கள் பிரிந்து போவதில்லை, கூட்டமாகவே மேய்கின்றன. இலையைத் தின்பதோடு பட்டையையும் சுரண்டுகின்றன. நன்றாக வளர்ந்த பிறகு மரத்தை விட்டு இறங்கி, மண்ணுக்குள் புகுந்து மறுபடி கூட்டுப்புழு ஆகின்றன. அடுத்த மழையில் வேதாளம் மீண்டும் முருங்கை மரம் ஏறும்.

இதில் நமக்கு மிக முக்கியமான செய்தி ஒன்று இருக்கிறது. வளர்ந்த புழுக்கள் இரவில் மேலே ஏறி இலை தின்றுவிட்டுப் பகலில் அடிமரத்துக்கு இறங்கிக் கூட்டமாக ஒட்டிக்கொள்கின்றன. காலை பத்து மணி வாக்கில் மரத்தைச் சுற்றி வந்து பாருங்கள். வெயில் படாத பக்கத்தில், கிளை பிரியும் கவட்டிலிருந்து இடுப்பு உயரம் வரை, தோளோடு தோள் ஒட்டிக்கொண்டு தலை எல்லாம் ஏறக்குறைய ஒரே திசையில் வைத்துப் படுத்திருக்கும். தூரத்திலிருந்து பார்த்தால் மரத்துக்கு யாரோ பழைய கம்பளியைச் சுற்றிவிட்ட மாதிரி இருக்கும். குச்சியின் நிழல் பட்டால்கூட முன்பாதியைச் சட்டென்று தூக்கும். ஒன்று தூக்கியதும் பக்கத்தில் உள்ளதும் தூக்கும், அசைவு வரிசையாகப் பரவும். கீழே தரையில் கறுப்பாகச் சிறு உருண்டைகள் சிதறிக் கிடக்கும், அவை புழுவின் எச்சம். புழுவைப் பார்ப்பதற்கு முன்னாலேயே இந்த எச்சத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். வாசல் பெருக்கும்போது எச்சம் கண்ணில் பட்டால் அன்றைக்கே அண்ணாந்து பார்ப்பது நல்லது.

ஆக, பத்து மீட்டர் உயர மரத்தில் பரவிக் கிடக்கும் பூச்சி, பகலில் இரண்டு முழ இடத்தில் நமக்காகக் காத்திருக்கிறது. இதை விட்டுவிட்டு உச்சிக் கிளைக்கு மருந்து பீய்ச்சுவது வீண் செலவு.

சுணை எப்படி வேலை செய்கிறது

புழு மேலே ஊர்ந்தால்தான் அரிக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். அரிப்பைத் தருவது அதன் உடம்பிலுள்ள சுணை. அந்த நுண்ணிய மயிர் எளிதில் உடைந்து தோலில் குத்திக்கொள்கிறது, குத்திய இடம் சிவந்து தடிக்கிறது. புழு செத்த பிறகும் சுணை சாவதில்லை. உரித்துப் போட்ட தோலில் இருக்கும். காற்றில் பறந்து துணியில், பாயில், மூடாத தண்ணீர்த் தொட்டியில் விழும். அதனால்தான் புழுவைத் தொடாத பிள்ளைக்கும் தடிப்பு வருகிறது. வீட்டுக்கு முன்னால் முருங்கை வைக்கக் கூடாது என்று பெரியவர்கள் சொன்னதற்கு ஆயிரம் விளக்கம் உண்டு. என்னைக் கேட்டால் இந்தச் சுணை ஒன்றே போதுமான காரணம்.

சுணை பட்டதும் கை தானாகத் தேய்க்கப் போகும். அதைத் தடுப்பதுதான் முதல் வைத்தியம். தேய்க்கத் தேய்க்க மயிர் இன்னும் ஆழமாக இறங்கும், பக்கத்துத் தோலுக்கும் பரவும். சாக்குத் துணியால் தேய்ப்பது, தலைமுடியால் தேய்ப்பது எல்லாம் இதே கெடுதலைத்தான் செய்யும். வீட்டில் பிள்ளைகளின் நோட்டுப் புத்தகத்துக்கு ஒட்டுகிற செலோ டேப் இருக்கும். அதைத் தடித்த இடத்தில் லேசாக ஒட்டிச் சட்டென்று உரித்தால் மயிர் டேப்போடு வந்துவிடும். ஒவ்வொரு முறையும் புதுத் துண்டு டேப் எடுத்து நாலைந்து தடவை செய்யலாம். அதன் பிறகு ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். எரிச்சலுக்கு ஈரத்துணி ஒத்தடம், கலாமைன் லோஷன் போதும். போட்டிருந்த துணியைத் தனியாகத் துவைக்க வேண்டும்.

வெற்றிலைச் சாறும் எண்ணெயும் தடவுகிற வழக்கம் ஊரில் உண்டு. மயிரை எடுத்த பிறகு எதையாவது குளிர்ச்சிக்குத் தடவினால் குறை சொல்ல மாட்டேன். மயிர் உள்ளே இருக்கும்போது தடவித் தேய்ப்பதில் பயனில்லை. கண்ணில் பட்டால் விஷயமே வேறு. சுணை கண்ணுக்குள் குத்தி உள்ளே நகரக்கூடியது, மாதக்கணக்கில் தொல்லை தரக்கூடியது. கசக்காமல் தண்ணீர் ஊற்றி அலசிவிட்டு அன்றே கண் மருத்துவரிடம் போய்விட வேண்டும். மூச்சு இரைத்தால், உதடோ முகமோ வீங்கினால் வீட்டு வைத்தியத்தில் நேரம் கடத்தாமல் ஆஸ்பத்திரிக்குப் போவதுதான் சரி.

புழு இருக்கும் நாட்களில் மரத்தடியில் கட்டில் போடக் கூடாது, துணி காயப்போடக் கூடாது, தொட்டியை மூடி வைக்க வேண்டும். புழு மேய்ந்த கொப்பை ஆட்டுக்கு ஒடித்துப் போடும் பழக்கமும் வேண்டாம். அதன் வாய்க்கும் சுணை சுணைதான்.

அடிமரத்தில் செய்கிற வேலை

பழைய வழி தீப்பந்தம். ஒரு கோலில் துணி சுற்றி, மண்ணெண்ணெயில் நனைத்துக் கொளுத்தி, அடிமரத்தில் கூடியிருக்கும் புழுக்களைச் சுட்டுவிடுவார்கள். வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரைகளிலும் இது இடம்பெற்றிருக்கிறது, புழு கட்டாயம் சாகும். ஆனால் வீட்டு ஓரத்து மரத்துக்கு நான் இதைச் சொல்ல மாட்டேன். முருங்கையின் பட்டை மெத்தென்று சாறு நிறைந்தது. தீ ஒரே இடத்தில் கொஞ்ச நேரம் நின்றால் பட்டை வெந்து, பிறகு அங்கே அழுகல் தொடங்கும். சூட்டில் எழும் காற்று சுணையையும் கிளப்பிவிடும், பந்தம் பிடித்தவர் முகத்துக்கே அது வரும். பக்கத்தில் கீற்றுக் கொட்டகையோ வைக்கோல் போரோ இருந்துவிட்டால் சொல்லவே வேண்டாம்.

சோப்புத் தண்ணீர் இதைவிட நல்லது. பூச்சிகள் உடம்பின் பக்கவாட்டிலுள்ள சிறு துளைகள் வழியாக மூச்சு விடுகின்றன. வெறும் தண்ணீரை அடித்தால் மயிரும் மெழுகுப் பூச்சும் அதை உருட்டித் தள்ளிவிடும். சோப்புக் கலந்த தண்ணீர் அப்படி உருளாமல் உடம்போடு ஒட்டிப் பரவி அந்தத் துளைகளுக்குள் இறங்குகிறது. பரிந்துரைக்கப்படும் பொருள் மீன் எண்ணெய் ரோசின் சோப்பு, லிட்டருக்கு 25 கிராம். அது கிடைக்காத ஊரில் சாதாரணக் காதி சோப்பைச் சீவிக் கெட்டியாகக் கரைத்து அடித்தாலும் கூட்டமாக இருக்கும் புழுவுக்குப் போதும். புழுவின் மேல் நேராகப் பட்டால்தான் வேலை செய்யும் என்பதால் நிதானமாக நனைக்க வேண்டும்.

இதில் இன்னொரு லாபமும் இருக்கிறது. நனைந்த சுணை பறக்காது. முதலில் நன்றாக நனைத்துவிட்டு, பிறகு நீளமான விளக்குமாற்றால் கீழே விரித்த சாக்கில் வழித்துத் தள்ளி, சாக்கோடு ஒரு முழக் குழியில் போட்டு மூடிவிடலாம். காய்ந்த புழுவைப் பெருக்கக் கூடாது, குப்பையோடு கொளுத்தவும் கூடாது. முழுக்கைச் சட்டை, தலைக்குத் துண்டு, கண்ணுக்குக் கண்ணாடி, கைக்கு உறை. காற்று நம் முதுகுப் பக்கமிருந்து வரும்படி நின்றுகொள்ள வேண்டும்.

ஒரே நாளில் எல்லாம் இறங்காது. முட்டைகளும் ஒரே நாளில் பொரிவதில்லை. அதனால் அடுத்தடுத்த நாட்களில் இன்னும் சில முறை இதையே செய்ய வேண்டியிருக்கும், ஒவ்வொரு முறையும் கூட்டம் குறைந்துகொண்டே வரும்.

புழு சின்னதாக இருக்கும்போதே கண்டுவிட்டால் வேலை இன்னும் சுலபம். அந்தப் பருவத்தில் ஒரு கொத்து முழுவதும் ஒன்றிரண்டு இலைக் காம்பிலேயே இருக்கும். காய் பறிக்கிற தொரட்டியாலேயே அந்தக் காம்பை இழுத்து ஒடித்து, சோப்புத் தண்ணீர் வாளிக்குள் அமுக்கிவிடலாம். ஆள் ஏறி ஒடிக்கிற வேலை மட்டும் வேண்டாம். முருங்கைக் கிளை எப்போது முறியும் என்று யாருக்கும் தெரியாது. கையில் சுணை பட்டு உதறும் நேரத்தில் கிளையும் முறிந்தால் இடுப்பெலும்பு போய்விடும்.

அடிமரத்தைச் சுற்றிக் கிரீஸ் தடவிய பிளாஸ்டிக் பட்டை கட்டச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். மாமரத்தில் மாவுப்பூச்சி ஏறாமல் தடுக்க அது உதவும். முருங்கைக் கம்பளிப்பூச்சியின் தாய் பறந்து வந்து இலையில் முட்டையிடுகிறது, பட்டை அதைத் தடுக்காது. பட்டைக்கு மேலே புழுக்கள் தேங்கி நிற்கும் என்பதால் அவற்றைச் சேர்த்து அழிக்க வேண்டுமானால் ஓரளவு கைகொடுக்கும், அவ்வளவுதான்.

மருந்து ஏன் வேண்டாம்

முதலாவது, நாம் அந்த மரத்திலிருந்துதான் கீரை பறிக்கிறோம். முருங்கைக் கீரையை மருந்தடித்த மறுநாள் யாரும் தெரிந்து பறிக்க மாட்டார்கள்தான். ஆனால் பக்கத்து வீட்டுக்காரர் வேலியோரம் நீட்டிய கிளையிலிருந்து ஒரு கைப்பிடி பறிப்பது ஊர் வழக்கம், அவருக்கு நாம் மருந்தடித்தது தெரியாது. இன்றும் கடையில் பலர் பழக்கத்தில் கேட்கிற மோனோகுரோட்டோபாஸைக் காய்கறிகளில் பயன்படுத்தக் கூடாது என்று மத்திய அரசு 2005-லேயே தடை போட்டுவிட்டது. முருங்கைக்கு அது அறவே கூடாது. முன்பு தென்னைக்குச் செய்ததுபோல வேரில் கட்டுவதும் கூடாது. பழைய கையேடுகளில் முருங்கைக் கம்பளிப்பூச்சிக்கு எழுதியிருக்கும் கார்பரில் 2018-லும், டைக்குளோர்வாஸ் 2020 இறுதியிலும் தடைசெய்யப்பட்டுவிட்டன. வீட்டு அலமாரியில் மீதம் இருக்கும் பாட்டிலை எடுத்து ஊற்றுவதற்கு முன் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது உயரம். முதுகில் மாட்டும் கைத்தெளிப்பான் உச்சிக்கு எட்டாது. பவர் ஸ்பிரேயர் எட்டும், ஆனால் அண்ணாந்து அடிக்கிற மருந்தில் பாதி அடிக்கிறவர் தலையிலேயே விழும். மீதியைக் காற்று தூக்கிக்கொண்டு போகும். எங்கே போகும் என்பதுதான் இந்த இரண்டு மாவட்டங்களிலும் கேட்க வேண்டிய கேள்வி.

இது பட்டு விளையும் மண். தமிழ்நாட்டின் பட்டுக்கூடு உற்பத்தியில் கிருஷ்ணகிரியும் தருமபுரியும் முன்வரிசையில் நிற்பவை. தருமபுரியில் அரசுப் பட்டுக்கூடு அங்காடி இருக்கிறது. ஓசூரில் மத்திய பட்டு வாரியத்தின் மூலவள மையம் மல்பெரி, பட்டுப்புழு இரண்டின் பல நூறு வகைகளைக் காத்து வருகிறது. பாலக்கோடு, பென்னாகரம், சூளகிரி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் சாலையில் போனாலே இடுப்பளவு மல்பெரியும் அதன் ஓரத்தில் புழு வளர்க்கும் ஷெட்டும் கண்ணில் படும். பட்டுப்புழுவும் ஓர் அந்துப்பூச்சியின் புழுதான். முருங்கைப் புழுவைக் கொல்லும் மருந்து எதுவாக இருந்தாலும் பட்டுப்புழுவையும் கொல்லும். பல ஆயிரம் ஆண்டுகளாக மனிதன் கையில் வளர்ந்த உயிர் என்பதால் அதற்குத் தாங்கும் சக்தி இன்னும் குறைவு. காய்கறித் தோட்டங்களில் புழுவுக்கு இப்போது அதிகம் அடிக்கப்படும் குளோரான்ட்ரனிலிபுரோல் மல்பெரித் தழையில் மிகச் சிறிய அளவில் படிந்திருந்தாலும் பட்டுப்புழு தாங்காது. உடனே சாகாவிட்டாலும் கூடு கட்டாமல் சுருண்டுபோகும். புழு பொரித்துக் கூடு கட்டும்வரை ஏறக்குறைய இருபத்தைந்து நாள், ஒரு குடும்பமே இரவு பகலாகத் தழை வெட்டிப் போட்டு வளர்க்கிறது. அந்த உழைப்பு நம் வீட்டு முருங்கைக்கு அடித்த ஒரு டேங்க் மருந்தில் போய்விடக் கூடாது.

"இயற்கை மருந்துதானே, பிடி அடிக்கலாமே" என்று கேட்பார்கள். பாசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் என்ற பாக்டீரியாதான் சுருக்கமாகப் பிடி. அதன் கதையைத் தெரிந்துகொண்டால் இந்த ஊரில் அதை ஏன் யோசித்து அடிக்க வேண்டும் என்பது புரியும். 1901-ல் ஜப்பானில் இஷிவாட்டா என்ற ஆய்வாளர் இதை முதலில் கண்டுபிடித்ததே நோயில் செத்த பட்டுப்புழுவிலிருந்துதான். 1911-ல் ஜெர்மனியில் பெர்லினர் என்ற ஆய்வாளர் அரைத்த மாவில் வாழும் ஓர் அந்துப்பூச்சியின் புழுவிலிருந்து இதைப் பிரித்து, துரிங்கியா மாநிலத்தின் பெயரைச் சூட்டினார். இது உண்டாக்கும் புரதப் படிகம் இலையோடு புழுவின் வயிற்றுக்குள் போய், அங்குள்ள காரத்தில் கரைந்து, குடல் சுவரை ஓட்டையாக்குகிறது. புழு சில மணி நேரத்தில் தின்பதை நிறுத்திவிடும், சில நாட்களில் சாகும். மனிதனுக்கும் தேனீக்கும் இதனால் பெரிய கேடு கிடையாது. மல்பெரி இல்லாத இடத்தில், புழு சின்னதாக இருக்கும்போது, வெயில் இறங்கிய பிறகு அடித்தால் நல்ல மருந்துதான். மல்பெரித் தோட்டத்துக்குப் பக்கத்தில் அடிக்கக் கூடாது.

வேப்பங்கொட்டைக் கரைசலும் அப்படித்தான். பத்து லிட்டர் தண்ணீருக்கு அரைக் கிலோ வேப்பம் பருப்பை இடித்து ஓர் இரவு ஊறவைத்து வடிகட்டி, கொஞ்சம் சோப்புக் கரைத்து அடித்தால் இளம் புழுக்கள் இலையைத் தொடாது, தொட்டவை சரியாகத் தோல் உரிக்க முடியாமல் தடுமாறும். வளர்ந்த புழுவிடம் அவ்வளவாக எடுபடாது. பட்டுப்புழுவுக்கு இதுவும் ஆகாது. எதை அடிப்பதாக இருந்தாலும் முதல்நாள் வேலியோரம் நின்று, "அண்ணா, ஷெட்ல புழு இருக்குதுங்களா? நாளைக்கு மரத்துக்கு வேப்பங்கரைசல் அடிக்கலாம்னு இருக்கேன்" என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது. அவர் தழையை முன்கூட்டியே வெட்டி எடுத்துக்கொள்வார், அல்லது நாம் பத்து நாள் பொறுப்போம்.

நமக்கு முன்பே வேலை பார்ப்பவை

கம்பளிப்பூச்சியைப் பறவைகள் தொடாது என்ற நம்பிக்கை பாதிதான் சரி. காக்காயும் மைனாவும் தயங்கும், குயில் இனத்துப் பறவைகள் தயங்காது. கறுப்பும் வெள்ளையுமாகத் தலையில் கொண்டை வைத்த சுடலைக்குயில், அக்காக்குயில் ஆகியவற்றுக்கு மயிர்ப்புழுதான் விருப்ப உணவு. புழுவை அலகில் பிடித்து அழுத்தி உள்ளே இருப்பதைப் பிதுக்கித் தள்ளிவிட்டு விழுங்கும். மயிர் இரைப்பையின் உள்தோலில் குத்திக்கொண்டு நிற்கும், அந்தத் தோலோடு சேர்த்து அதைக் கக்கிவிடும். தவிட்டுக்குருவிகள் கூடு வைக்கும் முட்புதர் கொல்லையோரம் இருந்தால் அந்தக் கூட்டில் முட்டையிட இந்தக் குயில்களும் வரும். புதரையெல்லாம் சுத்தமாக வெட்டிவிட்ட கொல்லையில் இவை தங்குவதில்லை.

கண்ணில் படாதவை இன்னும் அதிகம். புழுவின் முட்டைக்குள் முட்டையிடும் நுண்குளவி இருக்கிறது. செத்த புழுவின் மேல் அரிசி நொய் போல வெள்ளைக் கூடுகள் ஒட்டியிருந்தால் அது வேறொரு குளவியின் வேலை, அந்தப் புழுவை அழிக்காமல் விட்டுவிட வேண்டும். டாக்கினிட் என்ற ஈ இனம் புழுவின் உடம்பில் முட்டை வைத்து உள்ளிருந்து தின்றுவிடும். பட்டு வளர்ப்பவர்களுக்கு இந்த இனத்தில் ஒரு பரம எதிரி உண்டு, அதுதான் ஊஜி ஈ. 1980-ல் மேற்கு வங்கத்திலிருந்து கர்நாடகத்துக்குக் கூடுகளோடு வந்து சேர்ந்து, அங்கிருந்து நம் பக்கமும் பரவியது. ஷெட்டில் வலை கட்டித் தடுக்கப்படும் ஈயின் உறவுக்கார ஈக்கள்தான் நம் முருங்கையில் நமக்குச் சாதகமாக வேலை செய்கின்றன. மரம் முழுக்க நஞ்சடித்தால் முதலில் சாவது இவைதான். அடுத்த மழைக்கு அந்துப்பூச்சி திரும்பி வரும்போது அதைத் தடுக்க ஆள் இருக்காது.

மண்ணுக்குள் கிடக்கும் கூட்டுப்புழுவுக்குக் கோழி போதும். கோடையில் மரத்தைச் சுற்றி நிழல் விழும் அளவுக்கு மண்ணை ஒரு சாண் ஆழம் கொத்திவிட்டால் கூட்டுப்புழுக்கள் மேலே வரும். வெயிலில் கொஞ்சம் காயும், மீதியைக் கோழியும் கொண்டலாத்தியும் பொறுக்கிவிடும். வேர்க்கடலை விவசாயிகள் சிவப்புக் கம்பளிப்புழுவுக்குச் செய்கிற கோடை உழவும் இதே காரணத்துக்காகத்தான். முதல் மழை பெய்த இரவுகளில் அந்துப்பூச்சியை விளக்குப்பொறி வைத்துப் பிடிப்பதும் அவர்கள் வழக்கம்: ஒரு பல்பு, அதன் கீழே மண்ணெண்ணெய் கலந்த தண்ணீர்த் தாம்பாளம். வீட்டில் இதைச் செய்வதானால் பொறியை மரத்திலிருந்து தள்ளி வைக்க வேண்டும். மரத்தடியிலேயே விளக்கு எரிந்தால், பொறியில் விழாத பூச்சிகள் நேராக இலைக்குப் போய் முட்டையிடும். கொல்லை விளக்கை அந்த இரவுகளில் தேவையில்லாமல் எரிய விடாதிருப்பதே ஒரு தற்காப்பு.

மொட்டையான மரம் பிழைக்குமா

பிழைக்கும். முருங்கையை அடியோடு வெட்டினாலும் துளிர்க்கிற மரம் என்று எல்லாருக்கும் தெரியும். தண்ணீர் இருந்தால் சில வாரத்தில் புதுத் தழை வந்துவிடும். அதற்காக இலை போவதில் நட்டமே இல்லை என்று சொல்ல மாட்டேன். கேரளத்தின் நிலம்பூர் தேக்குத் தோட்டங்களில் இலை தின்னும் புழுவைப் பற்றிக் கேரள வன ஆராய்ச்சி நிறுவனம் செய்த ஆய்வு இதற்கு நல்ல அளவுகோல். புழு தின்ன விட்ட இளம் தேக்குகள் செத்துப்போகவில்லை, ஆனால் காப்பாற்றப்பட்ட மரங்களோடு ஒப்பிட்டால் அடைந்திருக்க வேண்டிய வளர்ச்சியில் 44 சதவீதத்தை இழந்திருந்தன. நம் முருங்கையில் அந்த இழப்பு காய்ப்பில் தெரியும். நட்டு ஓர் ஆண்டு ஆகாத கன்று, வறட்சியில் வாடிக்கொண்டிருக்கும் மரம், ஒரே ஆண்டில் இரண்டு மூன்று முறை மொட்டையான மரம் ஆகிய மூன்றுக்கும்தான் கவலைப்பட வேண்டும். அவற்றுக்குத் தொழு எருவும் தண்ணீரும் கொடுத்து, புழுவைக் கையோடு அழிப்பதில் சுணங்காமல் இருக்க வேண்டும்.

மரம் எட்டாத உயரத்துக்குப் போய்விட்டது என்றால் காய்ப்பு முடிந்ததும் கவாத்து செய்து தாழ்வாக வளர்க்கலாம். காய் பறிக்கவும் வசதி, புழுவைக் கவனிக்கவும் வசதி.

எல்லாப் புழுவும் இந்தப் புழு அல்ல

கறிவேப்பிலையிலும் எலுமிச்சையிலும் பறவை எச்சம் போல ஒட்டிக்கொண்டிருந்து, வளர்ந்ததும் பச்சையாக மாறும் புழு எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் குஞ்சு. தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து ஆரஞ்சு நிறக் கொம்பு நீட்டி நாற்றம் கிளப்பும், வேறொன்றும் செய்யாது. சுணை கிடையாது. பெரிய செடி என்றால் விட்டுவிடலாம், சின்னக் கன்று என்றால் எடுத்து வேறு செடியில் விடலாம். புங்கன் கொழுந்தைக் கூட்டமாகத் தின்னும் மொட்டைப் புழுவும் வண்ணத்துப்பூச்சி இனம்தான், புங்கன் அடுத்த தளிரில் தேறிவிடும். மாவிலையின் நடு நரம்போடு படுத்துக்கொண்டு இருபுறமும் பச்சை முள் விரித்திருக்கும் புழுவைப் பார்த்துப் பயப்படுகிறார்கள், அது கொட்டாது.

கொட்டுவது வேறொன்று: இளம்பச்சை உடம்பு, முதுகில் நீலக்கோடு, தட்டையாக நத்தை போல நகரும். மாவிலும் தென்னையிலும் ஆமணக்கிலும் இருக்கும். அதன் முள்ளில் நஞ்சு உண்டு, பட்ட நொடியே சுரீரென்று எரியும். இலையோடு கிள்ளிச் சோப்புத் தண்ணீரில் போட வேண்டும், வெறுங்கை வைக்கக் கூடாது.

வயதான முருங்கை, மா, கொய்யா, நெல்லி ஆகியவற்றில் உண்மையிலேயே மரத்தைத் தீர்க்கக்கூடியது இலை தின்னும் புழு அல்ல, பட்டை தின்னும் புழு. இது கூட்டமாக வராது, கண்ணிலும் படாது. கிளை பிரியும் கவட்டிலிருந்து பட்டையின் மேல் மரத்தூளும் எச்சமும் நூலும் கலந்த பழுப்பு நாடா ஒன்று வளைந்து வளைந்து போகும். அதைத் துடைப்பத்தால் துடைத்துவிட்டுப் பார்த்தால் ஒரு முனையில் துளை தெரியும். பகலில் புழு அதற்குள்தான் இருக்கும். சைக்கிள் ஸ்போக் கம்பியைத் துளைக்குள் விட்டுக் குத்தி இழுத்து, மண்ணெண்ணெயில் நனைத்த பஞ்சை உள்ளே திணித்து, களிமண்ணால் மூடிவிட வேண்டும். ஒரு வாரம் கழித்துப் பார்க்கும்போது புதிய தூள் இல்லை என்றால் புழு செத்துவிட்டது. தூள் தெரிந்தால் மறுபடி ஒருமுறை செய்ய வேண்டும்.

எந்தப் புழு என்று தீர்மானிக்க முடியவில்லையா? மூடியில் ஓட்டை போட்ட பாட்டிலில் இரண்டு புழுவையும் அது தின்ற இலையையும் போட்டு, வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்துக்கோ, பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையத்துக்கோ, காவேரிப்பட்டணம் பக்கத்திலுள்ள பையூர் மண்டல ஆராய்ச்சி நிலையத்துக்கோ கொண்டுபோகலாம். செல்போனில் எடுத்த படமும் போதும், ஆனால் புழு, இலை, அடிமரம் மூன்றையும் தனித்தனியாகக் கிட்டத்தில் எடுத்துக்கொண்டு போங்கள். பக்கத்தில் மல்பெரி இருக்கிறதா, அதே மரத்திலிருந்து கீரை பறிக்கிறீர்களா என்பதை அவர்கள் கேட்காவிட்டாலும் நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள். அவர்கள் எழுதித் தருகிற யோசனை அதைப் பொறுத்து மாறும்.